கறுப்புப் பெட்டியா குற்றவாளி?

கண்ட்ரோல் சிஸ்டம் பாடத்தில் நாம் உருப்போடும் பி.ஐ.டி. கணக்கு கப்பலுக்காக எழுதப்பட்டது. 1922இல் அமெரிக்காவில் மினோர்ஸ்கி என்பவர், சுக்கான் பிடிப்பவரின் கைப்பழக்கத்தைக் கவனித்து எழுதினார். இன்று பாய்மரப் படகில் ஆட்டோ பைலட் செய்வதும் அதே வேலைதான். தனியாகக் கடலில் போகிறவர் கொஞ்சம் கண்ணயர அதுதான் துணை.

அது படகைப் பாம்பு மாதிரி வளைத்து ஓட்டினால்? 'கம்ப்யூட்டர் போச்சு' என்போம். என் கருத்து: அந்தப் பெட்டியைக் கடைசியில் தொடுங்கள்! திசைகாட்டி பக்கத்தில் ஸ்பீக்கரோ இரும்போ இருக்கா? பாய் சரியாக இல்லாமல் சுக்கான் கனக்குதா? அடுத்து, மோட்டார் ஓடும்போது அதன் முனையில் வோல்டேஜ் பாருங்க. சும்மா இருக்கையில் 12.6 காட்டும், உப்பு அரித்த டெர்மினல் லோடில்தான் மாட்டும். பிறகுதான் கெயினைத் திருகணும்.

எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். சைக்கிள் கடை வைத்திருக்கும் அப்பா, டியூபைக் கழற்றும் முன் வால்வைத்தான் பார்ப்பார். அந்த வரிசையை நம்ம பரீட்சை கேட்பதே இல்லை. சுரண்டினால் தீரும் பழுதுக்குப் புதுப் பெட்டி வாங்க வைப்பவன், நூறு மார்க் எடுத்தாலும் டெக்னீஷியன் இல்லை. சிந்திப்போம்!