கொச்சிக்குப் போனால் கடைத்தெருவையும் பாருங்கள்

கடையை இரண்டு நாள் அடைத்துவிட்டுக் குடும்பத்துடன் கொச்சிக்குப் போய்வரும் வணிகர்கள் நம்மில் பலர். சீன வலையைப் பார்த்து, படகில் ஏறி இறங்கி, சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வணிகர் பார்க்க வேண்டிய கொச்சி அதோடு முடிவதில்லை என்பது என் கருத்து.

கொச்சியை வளர்த்தது சரக்கு. மிளகைத் தேடி 1500-ல் போர்த்துகீசியர் வந்தனர். 1663-ல் டச்சுக்காரர் பிடித்தனர். பின்னர் ஆங்கிலேயர். கோட்டைக் கொச்சி புனித பிரான்சிஸ் தேவாலயத்தில், வாஸ்கோடகாமாவை 1524-ல் அடக்கம் செய்த இடத்தை இன்றும் காணலாம். மட்டாஞ்சேரி அரண்மனை 1555 வாக்கில் போர்த்துகீசியர் ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்தது. சரக்கு கிடைக்கும் இடத்தின் தயவு யாருக்குத்தான் வேண்டாம்? அங்குள்ள இராமாயணச் சுவரோவியங்களைத் தவறவிடாதீர்கள். பக்கத்திலேயே 1568-ல் கட்டிய யூதர் ஆலயம். அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. ஆலயத்துக்குச் சனி விடுமுறை. ஆகவே வேறு நாளில் செல்வது நல்லது.

இவற்றைப் பார்த்ததும் பஸ் ஏறிவிடாமல், யூதர் தெருவிலும் பஜார் ரோட்டிலும் நடந்து பாருங்கள். முன்வாசல் தெருவுக்கும் பின்வாசல் காயலுக்குமாகக் கட்டிய கிடங்குகள் அங்கே உண்டு. மிளகும் சுக்கும் வள்ளத்தில் வந்து பின்புறமே இறங்கின. 1957-ல் தொடங்கிய மிளகு முன்பேர வணிகம் கூவிக் கூவி நடந்ததும் இந்த யூதர் தெருவில்தான். கொப்பரைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் நாம் இன்றும் கொச்சி நிலவரத்தைத்தானே பார்க்கிறோம்!

ஆனால் சரக்கு லாரிக்கும் கண்டெய்னருக்கும் மாறியபின் காயல் துறைக்கு வேலை குறைந்தது. கிடங்குகள் பல பழம்பொருள் கடைகளாகவும் உணவகங்களாகவும் மாறிவிட்டன. 2012-ல் தொடங்கிய கலைக் கண்காட்சிக்கும் பழைய கிடங்குகளே இடம் கொடுத்தன. இதைக் குறை சொல்ல வரவில்லை. பூட்டிக் கிடந்து இடிவதைவிட இது மேல். ஆயினும் மூட்டை இறங்காத தெருவில் மொத்த வியாபாரம் நெடுநாள் நிற்காது. சுமைதூக்குவோர், தரகர், வண்டிக்காரர் என அதை நம்பிய அனைவருக்கும் பிழைப்பு போகிறது.

நம் ஊர்களிலும் பழைய கடைத்தெருக்களைச் சுற்றுலாவுக்காக அழகுபடுத்தும் பேச்சு எழுகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் திட்டம் தீட்டும்போதே, லாரி நிற்கவும் சரக்கு இறக்கவும் இடமும் நேரமும் ஒதுக்கும்படி நம் சங்கங்கள் நகராட்சியிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். தளக்கல் பதித்து முடிந்தபின் கேட்டுப் பயனில்லை.