யார் விலகினால் எமக்கென்ன?

தேர்தல் நெருங்கும் காலங்களில் அமெரிக்கப் பத்திரிகைகளில் தவறாது எழும் கேள்வி ஒன்றுண்டு: இம்முறை எந்தெந்த உறுப்பினர்கள் மீண்டும் போட்டியிடமாட்டார்கள்? எம்மவர் பலர் இதனை அரசியல்வாதிகளின் வீட்டு வம்பென்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். அகதி விண்ணப்பம், வேலை, வாடகை, பிள்ளைகளின் படிப்பு என்று நாட்களைக் கடத்தும் குடும்பங்களுக்கு, வாஷிங்டனில் யார் இருந்தாலென்ன, யார் போனாலென்ன என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் இது எம்மைத் தொடும் விடயம் என்பதே எமது கருத்து.

2026 நவம்பர் 3ஆம் திகதித் தேர்தலையொட்டிய விலகல் அறிவிப்புகள், எம்மவர் வாழும் மூன்று மாநிலங்களிலிருந்தும் வந்தன. 1987 முதல் சன் பிரான்சிஸ்கோவின் பிரதிநிதியாக இருந்த நான்சி பெலோசி, தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என 2025 நவம்பரில் அறிவித்தார். அதே மாதத்தில் நியூ ஜேர்சியின் 12ஆம் தொகுதி உறுப்பினர் பொனி வொற்சன் கோல்மனும், ஹூஸ்ரன் புறநகரான போர்ட் பெண்ட் பகுதியின் றோய் நெல்சும் அவ்வாறே அறிவித்தனர். ரெக்சாசின் மைக்கல் மக்கோல் செப்டம்பரிலேயே தம் முடிவைக் கூறிவிட்டார். ஒஸ்ரினின் லொயிட் டொகெற், அம்மாநிலத் தொகுதி வரைபடம் மாற்றப்பட்டதையடுத்து ஒதுங்கினார்.

இவ்வூகங்களுக்கு அடிப்படை இல்லாமலில்லை. வேட்பாளர்கள் திரட்டும் நிதிக்கணக்கு காலாண்டுதோறும் பகிரங்கமாகிறது. ஓர் உறுப்பினர் பணம் சேர்ப்பதை நிறுத்தினால் அது முதல் அறிகுறி. குழுத் தலைமையை இழப்பது இரண்டாவது. தொகுதி எல்லை மாறுவது மூன்றாவது. முதுமை எப்போதும் உள்ள காரணம்.

எமது மூத்த தலைமுறைக்கு ஆசனத்தைத் துறத்தல் என்றால் நினைவுக்கு வருவது காங்கேசன்துறை. 1972இல் தந்தை செல்வா தம் ஆசனத்தைத் துறந்து இடைத்தேர்தலுக்கு அறைகூவினார். அத்தேர்தல் 1975 பெப்ரவரி வரை நடத்தப்படவில்லை. அங்கே பதவி துறத்தல் ஒரு போராட்டம். இங்கே அது ஈராண்டுக்கொருமுறை நிகழும் வழமை. வழமை என்பதனாலேயே அதற்கு முன்கூட்டி ஆயத்தமாக இருக்க முடியும்.

ஆயத்தமில்லாவிடின் இழப்பது எதனை? 2024 மே மாதத்தில், ஈழத்தமிழர் மீதான இனப்படுகொலையையும் அவர்தம் சுயநிர்ணய உரிமையையும் பற்றிய 1230ஆம் இலக்கத் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் சபையில் முன்வைத்தவர் வட கரோலைனாவின் வைலி நிக்கல். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னரே, தொகுதி எல்லை மாறியதால் தாம் மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அவர் கூறியிருந்தார். புறப்படும் தறுவாயிலும் எமக்காகப் பேசிய அவருக்கு எமது நன்றி உரியது. ஆனால், நிறைவேறாத தீர்மானம் அக்காங்கிரசின் ஆயுளோடு முடிந்துவிடும். 2025 ஜனவரி 3ஆம் திகதி அதுவும் முடிந்தது, அவரும் போய்விட்டார். அத்தீர்மானம் அனுப்பப்பட்ட வெளிவிவகாரக் குழுவுக்கு அந்நாளில் தலைவராக இருந்தவர் வேறு யாருமல்லர், ரெக்சாசின் மக்கோலே. அவருடைய தொகுதியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுள் எத்தனை அவருடைய கதவைத் தட்டின என்பதை அக்குடும்பங்களே தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. வேர்மொன்ற் மாநில செனட்டர் பற்றிக் லேஹி, நாற்பத்தெட்டு ஆண்டுச் சேவைக்குப் பின் 2023 ஜனவரியில் ஓய்வுபெற்றார். பாரிய மனித உரிமை மீறல் புரிந்த வெளிநாட்டுப் படைப்பிரிவுகளுக்கு அமெரிக்க உதவி செல்வதைத் தடுக்கும், அவர் பெயரால் வழங்கும் சட்டம் இன்னும் ஏட்டில் உள்ளது. மனிதர் விலகுவர், அவர்கள் இருக்கும்போதே சட்டமாக்கப்பட்டது நிற்கும். நட்பான உறுப்பினர் ஒருவர் பதவியில் உள்ள நாட்களை நாம் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதே கேள்வி.

இது கொள்கையளவில் மட்டும் நிற்பதன்று. குடிவரவுத் திணைக்களத்தில் தேங்கிக் கிடக்கும் விண்ணப்பத்தைப் பற்றி விசாரித்துத் தருவது தொகுதி அலுவலகத்தின் அன்றாட வேலைகளுள் ஒன்று. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதற் படிவத்தின் பேரிலேயே அது நடைபெறும். உறுப்பினர் விலகினால் அலுவலகம் மூடப்படும். உங்கள் விடயமறிந்த பணியாளரும் வேறிடம் போகலாம். ஆகவே விலகல் செய்தி கேட்டவுடன், உங்கள் கோவை எந்நிலையிலுள்ளது, அது புதியவருக்கு எவ்வாறு கையளிக்கப்படும் என்று எழுதிக் கேளுங்கள். பிரதிகளை வீட்டில் வைத்திருங்கள்.

மறுபுறம், காலியாகும் ஆசனத்தைப் போல ஒரு சிறு சமூகத்துக்கு வாய்ப்பளிப்பது வேறில்லை. முப்பதாண்டுகள் பிரதிநிதிகள் சபையில் இருந்த, விரிகுடாப் பகுதியின் 16ஆம் தொகுதி உறுப்பினர் அனா எஷூ, 2023 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். 2024 மார்ச் மாத முதற்கட்டத் தேர்தலிற் பதினொருவர் போட்டியிட்டனர். இரண்டாம் இடத்தில் ஈவன் லோவும் ஜோ சிமிற்றியனும் ஒவ்வொருவரும் 30,249 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றனர். மீள எண்ணியபோது லோ ஐந்து வாக்குகளால் முந்தினார், சிமிற்றியன் வெளியேறினார். ஐந்து வாக்குகள்! எமது ஒரு வீட்டில் உண்டு, அத்தனை வாக்குகள்.

எனவே முதற்கட்டத் தேர்தலின் விதிகளை அறிந்திருத்தல் வேண்டும். கலிபோர்னியாவில் கட்சி வேறுபாடின்றி முதலிருவர் நவம்பர்த் தேர்தலுக்குச் செல்வர். ரெக்சாசிற் கட்சிப் பதிவு இல்லை. எக்கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிப்பதென்பதை வாக்காளரே தேர்ந்துகொள்ளலாம். எவரும் பாதிக்கு மேற் பெறாவிடின் மறுசுற்று உண்டு. நியூ ஜேர்சியில் கட்சி சாராதவர் வாக்களிப்பு நாளன்றே ஒரு கட்சியைச் சேர்ந்து வாக்களிக்கலாம். ஏற்கெனவே ஒரு கட்சியிற் பதிந்தவர் மாற விரும்பினால் 55 நாட்களுக்கு முன் மாறவேண்டும்.

குடியுரிமை பெறாதோருக்கு ஓர் எச்சரிக்கை: யார் படிவத்தை நீட்டினாலும் வாக்காளராகப் பதிவு செய்யாதீர்கள். அறியாமற் செய்தாலும் அது நாடுகடத்தலுக்கு வழிவகுக்கலாம். ஆனால் வாக்கில்லாதவர் கணக்கில் இல்லாதவர் அல்லர். பிரதிநிதிகள் சபை ஆசனங்கள் குடியுரிமை பாராது, வாழ்வோர் எல்லோரையும் எண்ணியே மாநிலங்களுக்குப் பகிரப்படுகின்றன. வேட்பாளர் கூட்டத்துக்குச் செல்லவும் கேள்வி எழுப்பவும் கடிதம் எழுதவும் குடியுரிமைப் பத்திரம் தேவையில்லை.

ஒருவரை நம்பி, அவர் போனதும் கைபிசைந்து நிற்பது எம்மிடையே நெடுநாட் பழக்கம். ஒரு கட்சியை மட்டும் நம்புவதும் அத்தகையதே. எந்தக் கட்சியினராயினும், வேட்பாளர் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, விடைகளை எழுத்திற் பெற்று வைப்போம். விலகுபவருக்கு ஒரு நன்றிக் கடிதம், வரவிருப்பவருக்கு ஒரு கேள்விக் கடிதம். இரண்டும் ஒரே கிழமையில் அஞ்சலிற் சேரவேண்டும்.