வீதியோரக் காணியும் பறிபோகும் நித்திரையும்

2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு. லொறிச் சத்தம் எப்போது கேட்கும் என்று ஏங்கினோம். இன்று அந்த வீதியோரத்திலேயே காணி தேடுகிறோம். கடை போடலாம், பஸ் பிடிக்கலாம், நியாயமான கணக்குத்தான். அதில் இரவு மட்டும் சேர்வதில்லை.

வீதிப் போக்குவரத்துச் சத்தம் இரவில் 45 டெசிபலைத் தாண்டினால் நித்திரை பாதிக்கப்படும் என்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டல். ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் ஓடியவருக்கு நள்ளிரவு ஹோர்ன் வெறும் இரைச்சல் அல்ல. உடல் முதலில் பதறுகிறது. அது பஸ் என்பது பிறகுதான் புரிகிறது.

காணி வாங்குமுன் உறுதியைப் பார்ப்பதுபோல, ஓர் இரவு அங்கே நின்று கேட்டும் பாருங்கள். வாங்கிவிட்டால் வீட்டை உள்ளே தள்ளிக் கட்டி, படுக்கையறையைப் பின்பக்கம் வையுங்கள். வீதி வேண்டும், நித்திரையும் வேண்டும்.