எய்தவனும் இருக்கிறான், அம்பும் இருக்கிறது... செய்தவன் எங்கே?

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்ற பழமொழி தெரியாத தமிழர் இருக்க முடியாது. அதில் எய்தவன் இருக்கிறான். அம்பும் இருக்கிறது. ஆனால் அந்த அம்பைச் சீவி, நிமிர்த்தி, இறகு கட்டி, இரும்பு முனை பொருத்திக் கொடுத்தவன் மட்டும் இல்லை! சரி, பழமொழியை விட்டுவிடுவோம், அது சொல்ல வந்த விஷயம் வேறு. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் விலைப்பட்டியல் போட்டு விற்கிற கற்பனை உலக விளையாட்டுகளிலும் அதே ஆள் காணாமல் போயிருக்கிறார். அதைச் சும்மா விட முடியாது.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி ஆடும் விளையாட்டு இது. தாயம், பரமபதம் போல இதில் கட்டம் முக்கியமில்லை, கதைதான் முக்கியம். இந்த வகையில் மிகவும் புகழ்பெற்றது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-ல் வெளியிட்டது. பயணம் கிளம்பும் முன் வீரன் கையில் கொஞ்சம் தங்கக்காசு இருக்கும். அதை வைத்து வாளோ, வில்லோ, கயிறோ, விளக்கோ வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் விலைப்பட்டியல்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் பட்டியலைப் பாருங்கள். நீள்வில் 50 தங்கக்காசு. அம்பு, 20 சேர்ந்து 1 தங்கக்காசு! 2024-ல் வந்த திருத்திய பதிப்பிலும் இந்த இரண்டு விலையும் மாறவில்லை.

அதே 2014 பதிப்பில் ஒரு பசுமாட்டின் விலை 10 தங்கக்காசு. அதாவது ஒரு வில் வாங்க ஐந்து பசுவை விற்க வேண்டும். தொழில் தெரிந்த ஆளுக்குக் கூலி நாளொன்றுக்கு 2 தங்கக்காசு. தொழில் தெரியாத கூலிக்காரனுக்கு 2 வெள்ளிக்காசு (10 வெள்ளி சேர்ந்தால் 1 தங்கம்). கணக்குப் போட்டால், அந்தக் கூலிக்காரன் சாப்பிடாமல் கொள்ளாமல் 250 நாள் உழைத்தால்தான் ஒரு வில் வாங்கலாம். இரும்பை உருக்கி அடித்துச் செய்த நீண்ட வாள் 15 தங்கக்காசுதான். மரத்தில் செய்த வில்லுக்கு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் விலையாம்!

அம்பு விஷயம் இன்னும் மோசம். அந்தப் பதிப்பின் விதிப்படி, ஒரு கைவினைஞர் எட்டு மணி நேரம் வேலை செய்தால் 5 தங்கக்காசு மதிப்புள்ள பொருள் செய்யலாம். அம்பு என்றால் அது 100 அம்பு. ஒரு அம்புக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடையாது! அதற்குள் நேரான தண்டைத் தேர்ந்து சீவ வேண்டும், நாண் பொருந்தும் பிளவை வெட்ட வேண்டும், மூன்று இறகை ஒட்டிக் கட்ட வேண்டும், முனையைப் பொருத்த வேண்டும். பசை காய்வதற்கு யார் நேரம் கொடுப்பது? டிராகன் பறப்பதைக்கூட நம்பிவிடலாம். இதை நம்ப முடியாது :-)

இப்போது நிஜ உலகத்துக்கு வருவோம். நீள்வில்லுக்குப் பெயர்போன நாடு இங்கிலாந்து. 1340-களில் மூன்றாம் எட்வர்ட் மன்னனின் அரசு தன் படைக்கு வாங்கியபோது பூச்சில்லாத வில் 12 பென்னி, வண்ணம் பூசிய வில் 18 பென்னி. 24 அம்பு கொண்ட ஒரு கட்டு 14 பென்னி. கால்நடையாகப் போரிடும் வில்வீரனின் தினச் சம்பளம் 3 பென்னி. ஆக, ஒரு சாதாரண வில் நாலு நாள் சம்பளம். ஒரு கட்டு அம்பு அதற்கும் மேலே!

பிற்காலத்தில் நல்ல மரத்துக்குத் தட்டுப்பாடு வந்து வில்லின் விலை ஏறியது. அப்போது 1482-ல் அரசு சட்டம் போட்டு, யூ மரத்து வில்லை 3 ஷில்லிங் 4 பென்னிக்கு மேல் (அதாவது 40 பென்னி) விற்கக்கூடாது என்றது. ஒரு நாளைக்கு 6 பென்னி வாங்கும் வில்வீரனுக்கு அந்த உச்சவிலையே ஏழு நாள் சம்பளத்துக்குள் அடங்கிவிடும். 25 நாளும் இல்லை, 250 நாளும் இல்லை.

அந்த ஊரில் அம்பை யாரும் துச்சமாக நினைக்கவில்லை. லண்டனில் வில் செய்கிறவர்கள் ஒரு சங்கம், அம்பு செய்கிறவர்கள் தனிச் சங்கம். 1371-லேயே இரண்டும் தனித்தனித் தொழிலாகப் பிரிந்துவிட்டன. 1417-ல் ஐந்தாம் ஹென்றி மன்னன், ஒவ்வொரு பெருவாத்திலிருந்தும் ஆறு இறக்கை இறகு பிடுங்கி அனுப்பச் சொல்லி மாவட்ட அதிகாரிகளுக்கு உத்தரவு போட்டான். ஒரு ராஜா உட்கார்ந்து வாத்து இறகைக் கணக்குப் பார்க்கிறான் என்றால் தட்டுப்பாடு எதில் இருந்தது என்று புரிகிறதா?

இந்த விகிதத்தை விளையாட்டுக்குள் கொண்டுவருவது கடினமே இல்லை. வில்வீரனின் 3 பென்னியை 2 தங்கக்காசுக் கூலியாக எடுத்துக்கொண்டால், வில் 8 தங்கக்காசு. 20 அம்பும் ஏறக்குறைய 8 தங்கக்காசு. அவ்வளவுதான்!

"அட, விளையாட்டுதானே! இதற்குப் போய் இத்தனை கணக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. வில் தூரத்திலிருந்தே தாக்கக்கூடிய ஆயுதம், அதனால் ஆட்டம் சமநிலையாக இருக்க விலையை ஏற்றி வைத்தார்கள் என்பது அவர்கள் வாதம். வணிகவியல் முதலாண்டுப் பாடத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. வில் நிலையான செலவு, அம்பு மாறும் செலவு. நிலையான செலவை ஏற்றினால் ஆரம்பத்தில் ஏழையாக இருக்கும் வீரனை மட்டும்தான் தடுக்கலாம். முதல் புதையல் கிடைத்ததும் அந்தத் தடை ஒழிந்துவிடும், அதன்பின் ஆயுள் முழுக்க இலவசச் சவாரி. மாறும் செலவு அப்படியல்ல. ஒவ்வொரு முறை நாணை இழுக்கும்போதும் "இந்த எலிக்கு ஒரு அம்பு செலவழிக்கலாமா?" என்று யோசிக்க வைக்கும். உண்மையான சமநிலை அங்கேதான் இருக்கிறது. உண்மையான சுவாரசியமும் அங்கேதான்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு" என்று ஒதுக்குபவர்களுக்குத் திருக்கடையூர்க் கணக்கு ஒன்று உண்டு. அபிராமி பட்டர் தம் அந்தாதியில் பாடிய அம்மைக்குக் கையில் கரும்பு வில், மலர் அம்பு. கரும்பை ஒருமுறை வளைத்துக் கட்டிவிட்டால் பல நாள் நிற்கும். மலர் மறுநாளே வாடிவிடும், தினமும் புதிதாகக் கொண்டுவர வேண்டும். அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற கூட்டத்தை நம்பி நிற்கும் எந்தப் பூக்காரம்மாவைக் கேட்டாலும் தெரியும், தினசரி வாங்கும் பொருளில்தான் பிழைப்பே ஓடுகிறது என்று. வில் ஒருமுறை, அம்பு ஒவ்வொரு முறையும்!

மகாபாரதம் எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. காண்டவ வனம் எரியும் வேளையில் அர்ச்சுனனுக்குக் காண்டீவம் மட்டும் கிடைக்கவில்லை, அம்பு தீராத அம்பறாத்தூணிகளும் கூடவே கிடைத்தன. அம்பு தீராமலிருக்க தேவர்களின் தயவு வேண்டும் என்பது இதிகாசத்தின் கணக்கு. நம் விலைப்பட்டியலோ அந்த வரத்தை ஒரு தங்கக்காசுக்குக் கடையில் விற்கிறது.

நாளைக்குத் தமிழ் மாணவர் ஒருவர் சோழர் காலத்தை வைத்து இப்படி ஒரு விளையாட்டு எழுதினால், அந்த வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே காப்பி அடிக்கத் தேவையில்லை. சம்பளப் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயில் கல்லிலேயே இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று ராஜராஜன் எழுதி வைத்திருக்கிறான். ஒரு கலம் 96 நாழி. ஆக நாளொன்றுக்கு 26 நாழி. தச்சர், தையற்காரர் போன்றவர்களுக்கும் அதே கல்லில் பங்கு உண்டு. அம்பு செய்கிறவருக்கும் ஒரு முழுப் பங்கு, அவர் ஒரு நாளில் நல்ல அம்பு பத்து முடிப்பார் என்று வைத்துக்கொண்டால், ஒரு அம்பின் கூலி மட்டும் இரண்டரை நாழிக்கு மேல் வரும். இரும்பும் இறகும் தனி. காவிரிக் கரையில் எதற்கு விலை வைத்தாலும் நெல்லில் வைத்துப் பார்த்தால் பொய் தானாகத் தெரிந்துவிடும்.

இது விளையாட்டோடு போகிற பிழையும் அல்ல. வில் கையில் இருந்தால் போதும், அம்பு எப்படியாவது வந்துவிடும் என்ற நினைப்பு நிஜ மைதானத்திலும் இருக்கிறது. ராஞ்சி பக்கத்து ராத்து சட்டியில் மூங்கில் வில்லோடு தொடங்கிய தீபிகா குமாரிக்கு முறையான கருவிகள் கிடைத்தது டாடா அகாடமியில் சேர்ந்த பிறகுதான். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் அவர் இரண்டு தங்கம் வென்றார். இன்று ஒலிம்பிக் தரத்து ரிகர்வ் வில் முழு செட்டாக வாங்கினால் இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டும். அந்தத் தொகையைக் கேட்டதும் எல்லோரும் வில்லையே பேசுகிறார்கள். உயர்தர அம்பு ஒரு டஜன் வாங்கவும் பத்தாயிரங்களில்தான் பேச வேண்டும் என்பதை யாரும் பேசுவதில்லை. அம்பு வளையும், உடையும். வளரும் பிள்ளைக்குக் கை நீண்டால் பழைய அம்பு அளவுக்குச் சரிப்படாது. இலக்கில் எல்லா அம்பும் ஒரே இடத்தில் போய்க் குத்தும்போது ஒன்றோடொன்று மோதி உடைகிறது. அதாவது, நன்றாக எய்கிறவருக்குத்தான் அம்புச் செலவு அதிகம்!

மேடை போட்டு ஒரு வில்லைக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டால் வில்வீரர் உருவாகிவிடமாட்டார். மறுமாதம், அதற்கடுத்த மாதம், அம்பு வாங்கிக் கொடுப்பது யார்? போட்டோவில் வராத அந்தச் செலவுதான் ஒரு பிள்ளை மைதானத்தில் நிற்பதையும் வீட்டுக்குத் திரும்புவதையும் தீர்மானிக்கிறது.

எனவே, விளையாட்டு எழுதுகிறவர்களே, டிராகனுக்கு எத்தனை தலை வேண்டுமானாலும் வையுங்கள். மந்திரக் கம்பளத்துக்கு என்ன விலை வேண்டுமானாலும் போடுங்கள், அதைச் செய்தவர் யாரும் வந்து சண்டை போடப் போவதில்லை. ஆனால் அம்பு மனிதர் செய்த பொருள். அதற்கு மனிதக் கூலி போட்டு விலை வையுங்கள். பழமொழியில்தான் அவருக்கு இடம் கிடைக்கவில்லை, பட்டியலிலாவது கிடைக்கட்டும்.