பொன்னியின் செல்வன்: இரசிகர்களின் கோபம் நியாயமானதா?

‘பொன்னியின் செல்வன்’ திரைப்படத்தின் இரண்டாம் பாகம் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திரைக்கு வந்தது. முதல் பாகத்தைப் பார்த்துவிட்டு ஏழு மாதங்கள் காத்திருந்த கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாகத் திரையரங்குகளுக்குச் சென்றனர். படம் முடிந்து வெளியே வந்தபோது ஒரே குடும்பத்திற்குள்ளேயே இரண்டு கட்சிகள் உருவாகியிருந்தன. பிள்ளைகள் போர்க்களத்தையும் இசையையும் புகழ்ந்தார்கள். நாவலைப் படித்திருந்த பெற்றோரும் தாத்தா பாட்டியும் முகம் வாடினார்கள். “மணிமேகலை எங்கே? சேந்தன் அமுதனை ஏன் இப்படி விட்டுவிட்டார்கள்?” என்னும் கேள்விகள் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலை உணவகங்களிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைத் தேநீர்க் கடைகளிலும் புலனக் குழுக்களிலும் வாரக்கணக்கில் ஓயவில்லை.

ஒரு திரைப்படத்திற்காக இவ்வளவு சண்டையா என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்க வேண்டியதில்லை. எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு கதையின் முடிவை மாற்றியதற்காக இன்று ஒருவருக்குக் கோபம் வருகிறது என்றால், அந்தக் கதை இன்னும் உயிரோடு இருக்கிறது என்றுதானே பொருள்? ஆனால், அந்தக் கோபத்தில் எது நியாயம், எது நியாயமற்றது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாக் குறைகளும் ஒரே தரத்தவை அல்ல.

கல்கி இந்த நாவலைத் தம் ‘கல்கி’ வார இதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கி 1954ஆம் ஆண்டு வரை தொடராக எழுதினார். ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். இயக்குநர் மணிரத்னத்தின் இரண்டு படங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். ஓர் அத்தியாயத்திற்கு ஒன்றேகால் நிமிடம்கூடத் தேறாது! ஆகவே, “நாவலில் இருந்த எல்லாம் படத்தில் இல்லை” என்று குறை சொல்வது பொருளற்றது. எம்.ஜி.ஆர். 1950களின் இறுதியில் இந்தக் கதையைப் படமாக்க முனைந்து கைவிட்டார். அவருக்குப் பின் முயன்றவர்களாலும் முடியவில்லை. வெட்டாமல் இந்தக் கதையைத் திரையில் சொல்ல இயலாது. எதை வெட்டினார்கள் என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்டால் வாசகர்களின் பக்கம் வலுவான நியாயம் இருக்கிறது. மணிமேகலை கடம்பூர் இளவரசி, கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவனை அவள் மனத்திற்குள் விரும்புகிறாள். ஆதித்த கரிகாலனின் கொலைப்பழி வந்தியத்தேவன்மீது விழும்போது, கொன்றவள் தானே என்று சொல்லி அவனைக் காக்க முயல்கிறாள். நாவல் முடிவதே அவளுடைய மரணத்தில்தான். பேரரசுகளையும் மணிமகுடங்களையும் பற்றி எழுதிவந்த கல்கி, கடைசிப் பக்கங்களை எந்த அதிகாரமும் இல்லாத ஒரு பெண்ணுக்கு ஒதுக்கினார். திரைப்படத்தில் அந்தப் பெண்ணே இல்லை. அவளை நீக்கிய அதே படத்தில், நாவலில் இல்லாத ஒரு பெரும்போர் இறுதியில் சேர்க்கப்பட்டிருக்கிறது. நேரம் போதவில்லை என்னும் சமாதானம் இங்கே செல்லாது. போருக்கு நேரம் இருந்தது, மணிமேகலைக்கு இல்லை.

அடுத்தது, மகுடம் யாருக்கு என்னும் சிக்கல். நாவலில் அரண்மனையில் வளரும் மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் அல்லன். பூக்குடலையோடு கோயில் கோயிலாகச் சென்று தேவாரம் பாடும் சேந்தன் அமுதனே உண்மையான மகன். அரியணைக்கு ஆசைப்படாத அவனுக்கே அருள்மொழிவர்மர் மகுடம் சூட்டுகிறார். படத்திலோ அரியணைக்காகச் சதியில் சேர்ந்த மதுராந்தகனுக்கே முடிசூட்டப்படுகிறது. “கல்கி சொன்ன தியாகத்தையே மாற்றிவிட்டார்கள். இது வரலாற்றுத் துரோகம்!” என்று வாசகர்கள் பலர் கொதித்தார்கள்.

இந்த இடத்தில்தான் கோபம் தடம் மாறுகிறது. நாவலுக்கு மாறானது என்று சொன்னால் சரி. வரலாற்றுக்கு மாறானது என்று சொன்னால் சரியில்லை. இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இந்த நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றன. மக்கள் அருள்மொழியையே அரசனாக்க விரும்பினார்கள். ஆனால், தம் சிற்றப்பனுக்கு ஆட்சியில் ஆசை இருக்கும் வரையில் தமக்கு அது வேண்டாம் என்று அவர் ஒதுங்கினார். இதுவே செப்பேட்டின் செய்தி. அந்தச் சிற்றப்பன்தான் உத்தம சோழன் என்னும் மதுராந்தகன். அதாவது, ஆசைப்பட்டவனுக்கே அரியணை விடப்பட்டது. குழந்தை மாறிய கதை கல்கியின் கற்பனை. மிக அழகான கற்பனை. ஆனால், இந்த ஓர் இடத்தில் மணிரத்னத்தின் படமே செப்பேட்டுக்கு நெருக்கமாக நிற்கிறது. நாவலை நெஞ்சில் சுமந்தவர்கள், நாவலையே வரலாறு என்று எண்ணிவிட்டார்கள்.

இந்த மயக்கம் எளிதில் வரக்கூடியதுதான். வந்தியத்தேவன் உண்மையில் வாழ்ந்தவன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவனைக் குந்தவையின் கணவனாகக் குறிக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற குற்றத்திற்காக இரவிதாசன் முதலியோரின் நிலங்கள் பறிக்கப்பட்டதை உடையார்குடிக் கல்வெட்டு கூறுகிறது. இந்த மெய்மாந்தர்களுக்கு நடுவில் நந்தினியையும் பூங்குழலியையும் ஆழ்வார்க்கடியானையும் கல்கி படைத்து உலவவிட்டார். தையல் தெரியாமல் தைத்த கை அவருடையது. தையலைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வாசகரிடம்தான் இருக்க வேண்டும். மலேசிய மாணவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டு வாக்கில் படையெடுத்த கடாரம் இன்றைய கெடாப் பகுதி என்பது அறிஞர் பலரின் கருத்து. சோழர் வரலாறு இந்த மண்ணையும் தொட்டுச் சென்றிருக்கிறது. அதைத் திரையிலிருந்தோ நாவலிலிருந்தோ மட்டும் கற்றால், கற்பனையும் உண்மையும் கலந்த ஒன்றையே கற்றவர்களாவோம்.

முடிவைப் பற்றிய மனக்குறை திரைப்படத்தோடு தொடங்கியதும் அன்று. 1954ஆம் ஆண்டு தொடர் முடிந்தபோது கல்கியின் வாசகர்களே நிறைவடையவில்லை. கதையைத் திடீரென்று நிறுத்திவிட்டதாகக் கருதினார்கள். கதைமாந்தர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று கேட்டார்கள். கல்கி முடிவுரை ஒன்றை எழுதி அவர்களுக்கு விளக்கம் தர வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். கப்பலில் வந்த இதழுக்காக மலாயாவில் காத்திருந்து படித்தவர்களின் ஏமாற்றமும், திரையரங்கில் அவர்களுடைய பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்தவர்களின் ஏமாற்றமும் ஒரே வகையைச் சேர்ந்தவை. நீண்ட நாள் உடன் வாழ்ந்த கதைமாந்தரைப் பிரிய எவருக்கும் மனம் வருவதில்லை. பிரிவின் வருத்தத்தில் பாதி, முடிவின்மீது குறையாக வெளிப்படுகிறது.

மேல்நாட்டிலும் இதே கதைதான். டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் இறுதிப் படம் 2003ஆம் ஆண்டு வெளிவந்து பதினொரு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. போரிலிருந்து திரும்பும் வீரர்கள் தங்கள் சொந்த ஊரே பாழாகிக் கிடப்பதைக் கண்டு, அதை மீட்கப் போராடும் பகுதி நாவலின் இறுதியில் வருகிறது. படத்தில் அது இல்லை. விருதுகள் பதினொன்று வந்த பிறகும் வாசகர்கள் அதை மறக்கவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எழுந்த விவாதத்தில் உண்மையிலேயே கண்டிக்க வேண்டியது ஒன்று உண்டு. “நாவலைப் படிக்காதவனுக்கு இதைப் பற்றிப் பேச என்ன தகுதி?” என்னும் பேச்சு அது. தேசிய இடைநிலைப் பள்ளிகளில் தமிழ் பல இடங்களில் வழக்கமான பாட நேரத்திற்கு வெளியேதான் கற்பிக்கப்படுகிறது. மற்றவர்கள் வீடு திரும்பிய பிறகும் வகுப்பில் அமர்ந்து தமிழ் படிக்கும் மாணவனுக்கு இரண்டாயிரம் பக்க நாவல் ஒரு மலை. அவன் ‘வந்தியத்தேவன்’ என்னும் பெயரை முதன்முதலாகக் கேட்டது திரையரங்கில்தான். தூய தமிழில் பேசும் மாந்தரை இரண்டு மணி நேரத்திற்கு மேல் கேட்டு, அதைப் புரிந்துகொண்டு மகிழ்ந்ததும் அங்கேதான். அவனை ஏளனம் செய்தால் அவன் நாவலைத் தேடிப் போக மாட்டான். மணிமேகலையைப் படத்தில் விட்டுவிட்டார்கள் என்று வருந்தும் தாத்தா, மணிமேகலை யார் என்று பேரனுக்குச் சொல்வதில் என்ன தடை? “அதெல்லாம் உனக்குப் புரியாது” என்று சொல்லிவிட்டு, இளைஞர்கள் படிப்பதில்லை என்றும் குறைபட்டுக்கொள்வது முரண்.

இளைஞர்களின் பக்கமும் ஒரு குறை உண்டு. படம் பார்த்தாகிவிட்டது, இனி நாவல் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளன்று வந்தியத்தேவன் குதிரையில் செல்வதைக் கல்கி முதல் அத்தியாயத்தில் நிதானமாகக் காட்டுகிறார். அந்த நிதானம் எந்தப் படத்திலும் கிடைக்காது. மேலும், திரையில் நந்தினியின் முகம் ஐஸ்வர்யா ராயின் முகம். படிக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு நந்தினி.

கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும் மதுரைத் திட்டத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுவதையும் படிக்கத் தயங்கும் மாணவர்கள், படம் பார்த்த துணிவோடு, ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை மட்டுமாவது முதலில் திறந்து பார்க்கலாம். திரையில் வராத மணிமேகலை அங்கே இருக்கிறாள்.