நுண்ணளவு நஞ்சு: ஒரு மறுப்பு
நூறு கோடிப் பங்கில் ஒரு பங்காகக் குடிநீரில் கலந்திருக்கும் பூச்சிக்கொல்லியை ஆய்வகத்தில் தேடுவது வீண்செலவு என்னும் வாதம், டிடிடி, லிண்டேன் போன்ற நஞ்சுகள் உடற்கொழுப்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் சேர்வதைக் கணக்கில் கொள்ளாத வாதமாகும். 2003இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சங்களைக் கண்டறிந்தபோதும் மறுப்புகள் எழுந்தன. ஆனால், கலவையை ஆவியாக்கி அதன் சேர்மங்களைத் தனித்தனியே பிரித்துக்காட்டும் வாயு வண்ணப்பிரிகை முறையில் கிடைத்த அம்முடிவுகளை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக்குழு, அவை சரியே என 2004இல் ஏற்றது. சவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலில் கிணற்றுநீரைக் குடிப்பவர், நிறமோ மணமோ காட்டாத நஞ்சை நாவால் அறிய இயலாது. ஆகவே, அரசே சோதனைச் செலவை ஏற்று, முடிவில் 'இல்லை' என்று மட்டும் எழுதாமல், கருவியால் காணத்தக்க மிகக்குறைந்த அளவையும் சேர்த்தே மக்களுக்கு வழங்க வேண்டும்.