இரண்டு மணித்தியாலம், யாருடைய மணிக்கூட்டில்?

ஸ்டீமில் கேம் வாங்குகிற எல்லாருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், விளையாடிய நேரம் 2 மணித்தியாலத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. இரண்டும் சரியென்றால், காரணம் எதுவானாலும் காசு திரும்பி வரும். வால்வ் நிறுவனம் இந்த விதியைக் கொண்டுவந்தது 2015 ஜூனில். எபிக் கடையிலும் அதே 14 நாள், அதே 2 மணித்தியாலம். பிளேஸ்டேஷன் கடையில் 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோட் தொடங்கிவிட்டால் அதோடு சரி. நின்டெண்டோவின் இணையக் கடையில் வாங்கினது வாங்கினதுதான். ஜிஓஜி மட்டும் 2020இலிருந்து 30 நாள் தருகிறது, விளையாடிப் பார்த்திருந்தாலும் பரவாயில்லை என்கிறது.

"இதில என்ன பிழை? ஒரு கேம் பிடிக்குதோ இல்லையோ எண்டு பார்க்க ரெண்டு மணித்தியாலம் காணாதா?" என்று கேட்கிற ஆட்கள் எங்கட கூட்டத்திலேயே இருக்கிறார்கள். காணாது என்பதுதான் எங்கள் பதில். இந்த எண்ணைத் தீர்மானித்தவர்களின் கையில் இருந்த மணிக்கூடும், மயிலிட்டியில் எங்கட சுவரில் தொங்குகிற மணிக்கூடும் ஒரே மாதிரி ஓடுவதில்லை.

முதலில் 14 நாளை எடுப்போம். இன்றைக்குப் பெரிய கேம் என்றால் 100 ஜிபி சர்வசாதாரணம். 10 எம்பிபிஎஸ் வேகம் ஒரு நொடியும் குறையாமல் கிடைத்தாலே அதை இறக்க 22 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். வேகம் பாதியானால் கிட்டத்தட்ட இரண்டு நாள். அதுவும் டேட்டா இருந்தால். பகலுக்கு இவ்வளவு, நள்ளிரவுக்குப் பிறகு இவ்வளவு என்று பிரித்து விற்கிற பக்கேஜை வீட்டில் நாலு பேர் பாவிக்கும்போது, தங்கச்சியின் சூம் வகுப்பையும் அண்ணாவின் வேலையையும் தாண்டி மிஞ்சுகிறதில்தான் கேம் இறங்கும். மாதக் கடைசியில் வாங்கினால் பாதி இந்த மாதம், மீதி அடுத்த மாதம். விளையாடத் தொடங்குகிற அன்றைக்குப் பார்த்தால் 14 நாளில் பத்து நாள் ஏற்கெனவே போய்விட்டது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். அந்தக் கிழமைகளில் கேம் வாங்கின ஒரு பெடியனுக்கும் இந்த 14 நாள் அதே 14 நாள்தான். கரண்ட் நின்றது, கடையின் மணிக்கூடு நிற்கவில்லை.

அடுத்தது அந்த 2 மணித்தியாலம். "விளையாடிய நேரம்" என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையில் எண்ணுவது கேம் திறந்து கிடந்த நேரத்தை. கேமை அழுத்தினதும் இன்னொரு லோஞ்சர் திறக்கும். அதில் புதுக் கணக்குத் தொடங்க வேண்டும். பிறகு ஷேடர் தயாராகிறது என்று ஒரு கோடு மெல்ல நகரும். பழைய கொம்பியூட்டரில் அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். பிறகு படம் இழுபடுகிறது என்று செட்டிங்கைக் குறைத்துக் குறைத்துப் பார்க்க வேண்டும். புதுக் கொம்பியூட்டர் வைத்திருப்பவனுக்கு இந்த வேலைகள் ஐந்து நிமிஷம். எங்களுக்கு ஒரு மணித்தியாலம். ஆக, நல்ல வசதி உள்ளவனுக்கு 2 மணித்தியாலமும் முழுதாகக் கிடைக்கிறது, வசதி இல்லாதவனுக்கு அதில் பாதிதான் கிடைக்கிறது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்கிறார்கள். எழுத்தில் ஒன்றுதான்.

எங்களில் நாலு பேர் காசு சேர்த்து ஒரு பெரிய கேம் வாங்கினோம். கடையின் பெயர் இங்கே முக்கியமில்லை. பதிவில் 3 மணித்தியாலம் என்று நின்றது. கேமுக்குள்ளே நாங்கள் நடந்து திரிந்தது முக்கால் மணித்தியாலம்கூட இல்லை. மீதி நேரம் முழுக்கக் கருப்புத் திரையும், நின்று போனதும், திரும்பத் திறந்ததும்தான். படம் பிடித்து அனுப்பினோம். விளையாடிய நேரம் எல்லையைத் தாண்டிவிட்டது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதை மனிதர் எழுதினாரா மெஷின் எழுதினதா என்றே விளங்கவில்லை.

இது சின்னக் காசு இல்லை. புதிதாக வருகிற கேம் ஒன்று 60 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 18,000 ரூபா. 2025 ஏப்ரலில் தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 27,000 ரூபாவாகக் கூட்டினார்கள். அதாவது ஒரு கேம், அந்தச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. நியூயோர்க்கில் ஒருவன் வேலை முடிந்து வந்து யோசிக்காமல் அழுத்துகிற பொத்தானும், இங்கே மாதக் கணக்கில் சேர்த்து அழுத்துகிற பொத்தானும் ஒன்றா? ஏமாந்தால் இழப்பு பெரிசாக இருக்கிறவனுக்குத்தான் பரிசோதிக்கக் கூடிய நேரம் தேவை. அவனுக்குத்தான் இருக்கிறதிலேயே குறைவான நேரம் கிடைக்கிறது. பிறகு, "ஏன் தம்பி கிராக் பண்ணி விளையாடுறீங்கள்?" என்று ஒழுக்கம் படிப்பிக்க வருகிறார்கள்.

அந்தக் காசையும் ஒழுங்காகச் செலுத்த வழி உண்டா? கார்ட் இல்லாத பெடியள் யாரிடமோ காசு கொடுத்து வொலட் கோட் வாங்குகிறார்கள், இல்லாவிட்டால் வேறு தளத்தில் கீ வாங்குகிறார்கள். ஸ்டீமுக்கு வெளியே வாங்கின கீக்கும் கோட்டுக்கும் ஸ்டீம் ரீஃபண்ட் தராது. அப்போது 14 நாள், 2 மணித்தியாலம் என்ற பேச்சே எங்களில் அரைவாசிப் பேருக்கு அந்நியன் வீட்டுக் கல்யாணம்.

சரி, நேர எல்லை இல்லாவிட்டால் கடைகள் மூடிப் போய்விடுமா? நடந்ததைப் பாருங்கோ.

2020 டிசம்பர் 10இல் சைபர்பங்க் 2077 வந்தது. பிளேஸ்டேஷன் 4இல் அது ஓடின கோலத்தைப் பார்த்து ஒரு கிழமைக்குள் சோனி தன் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்கு முழுக் காசையும் தருவதாக அறிவித்தது. 2024 ஓகஸ்ட் 23இல் சோனியின் கொன்கோர்ட் வந்தது. இரண்டு கிழமையில் மூடினார்கள், வாங்கின எல்லாருக்கும் காசைத் திருப்பினார்கள். டவுன்லோட் பண்ணினால் காசு இல்லை என்கிற அதே சோனிதான்.

எங்களுக்கு இன்னும் கிட்டின கதை ஹெல்டைவர்ஸ் 2. 2024 பெப்ரவரியில் வெளிவந்தது. ஸ்டீமில் ஆட்கள் வாங்கி நூறு மணித்தியாலக் கணக்கில் விளையாடினார்கள். மே மாதத் தொடக்கத்தில் சோனி ஒரு கட்டளை போட்டது: கொம்பியூட்டரில் விளையாடுகிறவர்களும் இனிமேல் பிளேஸ்டேஷன் நெட்வேர்க் கணக்கை இணைக்க வேண்டும். உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் அந்தச் சேவை கிடையாது. இலங்கையிலும் கிடையாது. இணைக்கச் சொல்கிறார்கள், இணைக்கக் கணக்கில்லை. சேவை இல்லாத சுமார் 177 நாடுகளில் அந்தக் கேமை விற்பனையிலிருந்தே எடுத்தார்கள். ஆட்கள் கொதித்துப் போனார்கள். சில நாளில் சோனி பின்வாங்கியது. அந்த நாட்களில் 2 மணித்தியாலத்தை எத்தனையோ மடங்கு தாண்டி விளையாடின பலருக்கும் ஸ்டீம் காசைத் திருப்பிக் கொடுத்தது.

இதிலிருந்து என்ன விளங்குகிறது? மணிக்கூட்டை நிறுத்த அவர்களால் முடியும். உலகம் முழுக்கச் சத்தம் போட்டால் நிறுத்துகிறார்கள். தனியொருவன் கேட்டால் நிறுத்துவதில்லை. எல்லை தாண்டினாலும் கேட்டுப் பாருங்கள், பரிசீலிப்போம் என்று ஸ்டீமின் விதியிலேயே ஒரு வரி இருக்கிறது. அது கருணை. கருணையை நம்பிக் காசு கட்ட ஏலாது.

இதை உரிமையாக்கின நாடும் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் போட்டி, நுகர்வோர் ஆணைக்குழு 2014இல் வால்வ் மீது வழக்கு வைத்தது. அந்த நாட்டுச் சட்டப்படி, பழுதான பொருளுக்குக் காசு கேட்கிற உரிமையைக் கடைக்காரன் தன் விதியால் அழிக்க முடியாது. 2016இல் நீதிமன்றம் வால்வ் பிழை விட்டதென்று தீர்ப்புச் சொல்லி, 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. 2020இல் சோனியின் ஐரோப்பிய நிறுவனத்துக்கு 35 இலட்சம். 14 நாள் கடந்தால், அல்லது டவுன்லோட் பண்ணினால் காசு தரத் தேவையில்லை என்று ஆட்களுக்குப் பிழையாகச் சொன்னதும் அந்தக் குற்றங்களில் ஒன்று. இந்த எல்லைகள் இயற்கை விதி இல்லை. ஒருத்தர் எழுதினது, இன்னொருத்தர் திருத்தலாம்.

எங்களிடம் என்ன இருக்கிறது? பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896இல் எழுதினது. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் 2003இல் வந்தது. அதன்படி முறைப்பாடு கொடுக்க மூன்று மாதம் தருகிறார்கள். கடை சுன்னாகத்தில் இருந்தால் அது உதவும். ஸ்டீமோடு பிரச்சினை என்றால் அவர்களின் ஒப்பந்தம் காட்டுகிற இடம் அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டி நீதிமன்றம். 18,000 ரூபாவுக்கு அங்கே போவதா?

எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயமான வாதம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. வெண்பா விளையாடினீர்களா? 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. சமையலை வைத்தே சொல்லியிருக்கிறார்கள். டொரொன்டோவின் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்து 2023இல் வந்தது, 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதை வாங்கியது. முழுவதையும் முடிக்க ஒன்றரை மணித்தியாலம் போதும். இட்லி அவித்து, அழுது, முடித்துவிட்டு, 2 மணித்தியாலத்துக்குள் காசையும் திரும்பக் கேட்கலாம். விதி அதை அனுமதிக்கிறது. 2021இல் சமர் ஒஃப் '58 என்ற குறுங்கேமைச் செய்தவர், முடித்துவிட்டு ரீஃபண்ட் கேட்கிறார்கள், இனிக் கேம் செய்வதைக் காலவரையின்றி நிறுத்துகிறேன் என்று எழுதினார். இது அநியாயம். படைப்பவரின் வயிற்றில் அடிக்கிற அநியாயம்.

ஆனால் இது எங்கட வாதத்தை உடைக்கிறதா? பலப்படுத்துகிறது. 80 மணித்தியாலக் கேமுக்கும் ஒன்றரை மணித்தியாலக் கேமுக்கும் ஒரே அளவுகோல் வைத்ததால் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. வெண்பாவைச் செய்தவர்களுக்கு 2 மணித்தியாலம் கூடிப் போச்சு. பெரிய நிறுவனத்தின் அரைகுறைக் கேமை வாங்கின எங்களுக்குக் குறைஞ்சு போச்சு. லாபம் ஒருத்தருக்குத்தான்: முதல் இரண்டு மணித்தியாலத்தை மட்டும் மினுக்கி, மிச்சத்தை வேகாமல் பரிமாறுகிறவனுக்கு.

காலக்கெடு என்றால் என்ன என்று எங்கட ஊருக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990 ஜூனில் மயிலிட்டி முழுக்க இடம்பெயர்ந்தது. துறைமுகப் பக்கம் திரும்பக் கிடைத்தது 2017 ஜூலை 3இல். 27 வருஷம். இலங்கைச் சட்டப்படி இன்னொருத்தன் பத்து வருஷம் தடையில்லாமல் காணியை ஆண்டால் உரிமை கொண்டாடலாம். போரால் துரத்தப்பட்டவன் எப்படி வந்து தடுப்பான்? அதனால்தான் 2016இல் ஆட்சியுரிமை பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. போரால் தன் உரிமைக்காக வழக்கு வைக்க முடியாமல் போனவனுக்கு, 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. பிறகு 2025 மார்ச்சில் வடக்கில் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டுமென்று ஒரு வர்த்தமானி வந்தது. புலம்பெயர்ந்தவன் எப்படி மூன்று மாதத்தில் உறுதியோடு வந்து நிற்பான் என்று எல்லாரும் கேட்ட பிறகுதான் அதை மீளப்பெற்றார்கள்.

காணியையும் கேமையும் ஒரே தராசில் வைக்கவில்லை. அப்படி வைத்தால் எங்கட அம்மாக்களே அடிப்பார்கள். ஆனால் அந்தச் சட்டத்துக்குள் இருக்கிற நியாயம் சின்ன விஷயத்துக்கும் பொருந்தும்: ஒருவனுக்குத் தன் உரிமையைப் பாவிக்க வாய்ப்பே இல்லாத நேரத்தில், அவனுக்கெதிராக மணிக்கூடு ஓடக் கூடாது.

அந்த நியாயத்தை வைத்து நாங்கள் கேட்பது இவை. 14 நாள், கேம் முழுதாக இறங்கி முதல்தடவை திறந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். லோஞ்சரும் ஷேடரும் கருப்புத் திரையும் விளையாட்டு நேரமாக எண்ணப்படக் கூடாது. எல்லை கேமின் நீளத்தைப் பொறுத்து மாற வேண்டும். குறுங்கேமுக்கு அரை மணித்தியாலம் என்றாலும் எங்களுக்குச் சம்மதம், நெடுங்கேமுக்கு ஐந்தாறு மணித்தியாலம் வேண்டும். கேம் ஓடாவிட்டாலோ, வாங்கின பிறகு எங்கட நாட்டுக்கு அதைப் பூட்டினாலோ, எந்த எல்லையும் கிடையாது, முழுக் காசு. கடைசியாக, பாவனையாளர் சட்டத்தில் டிஜிட்டல் பொருளை வெளிப்படையாகச் சேர்த்து, இங்கே விற்கிறவன் இங்கேயே பதில் சொல்ல வேண்டும் என்று எழுத வேண்டும்.

இதில் ஒன்றும் புதுமை இல்லை. ஊர்ச் சந்தையில் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்க விடுகிறார்கள். எத்தனை செக்கன் பார்த்தாய் என்று ஆரும் கணக்கு வைப்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டினபோது பழுதென்றால், அடுத்த நாள் அதே ஆளிடம் போய் ஞாயம் கேட்கலாம். ஆயிரம் ரூபா மீனுக்கு இருக்கிற மரியாதை, 18,000 ரூபாக் கேமுக்கு இருக்கக் கூடாதா?

அதுவரைக்கும் ஒரு வேலை செய்யுங்கோ. அடுத்தமுறை ரீஃபண்ட் மறுத்தால் பேசாமல் விடாதீர்கள். படம் எடுத்து வையுங்கோ, எல்லை தாண்டியிருந்தாலும் காரணம் எழுதித் திரும்பக் கேளுங்கோ, அதிகாரசபைக்கும் ஒரு கடிதம் போடுங்கோ. காசு கிடைக்காமல் போகலாம். ஆனால் இப்படி ஒரு பிரச்சினை இங்கே இருக்கிறது என்று ஒரு கோப்பிலாவது பதிவாகும். ஹெல்டைவர்ஸ் கதையில் சோனி இறங்கி வந்தது, ஆட்கள் வாயை மூடிக்கொண்டு இருந்ததால் இல்லையே.